கத்தரிக்கோலோடு கணக்கு வகுப்பு

கேள்வி: வகையிடல் சூத்திரங்களை என் மாணவர்கள் கடகடவென்று ஒப்பிக்கிறார்கள். பயிற்சிக் கணக்கு என்றதும் சோர்ந்துவிடுகிறார்கள். வேறு என்ன செய்யலாம்?

பதில்: ஆளுக்கொரு ஏ4 தாள் கொடுங்கள். நான்கு மூலைகளிலும் ஒரே அளவு சதுரம் வெட்டி, ஓரங்களை மடித்தால் மூடியில்லாத பெட்டி. யாருடையது அதிகம் கொள்ளும்? முதலில் ஊகிக்கட்டும். 3 செ.மீ. வெட்டினால் 1066.5 கன செ.மீ., 4 வெட்டினால் 1128.4, 5 வெட்டினால் 1083.5. இவற்றைப் புள்ளிகளாகக் குறித்தால், உச்சி சரியாக எங்கே என்று அவர்களே கேட்பார்கள். அப்புறம் வகைக்கெழுவை, அதாவது வெட்டும் அளவுக்கேற்பக் கொள்ளளவு மாறும் வீதத்தை, பூஜ்ஜியமாக்கச் சொல்லுங்கள், சுமார் 4.04 வரும். என் வகுப்பில் இந்த இடத்தில் ஒரே சத்தமாக இருக்கும், நான் அடக்குவதில்லை. 12.86 என்று இன்னொரு விடையும் வரும். 21 செ.மீ. அகலத்தில் அதை இரண்டு பக்கமும் வெட்ட முடியுமா? ஏன் ஒதுக்குகிறோம் என்பது அவர்கள் வாயாலேயே வர வேண்டும், நீங்கள் முந்திக்கொள்ளாதீர்கள்.

இன்னொன்று: ஒருவர் நடக்க, தொடங்கிய இடத்திலிருந்து அவர் இருக்கும் தூரத்தை வைத்து மற்றவர்கள் தூர-நேர வரைபடம் வரையட்டும். அவர் நிற்கும்போது கோடு கிடையாகும், தொடங்கிய இடத்தை நோக்கித் திரும்பி நடந்தால் சாய்வு எதிர்க்குறியாகும். சூத்திரமெல்லாம் அடுத்த நாள் பார்த்துக்கொள்ளலாம்.