அலை பெரிதாக எத்தனை பவுண்டு ஏற்றலாம்?

கேள்வி: டாலஸ் அருகே வசிக்கிறோம். லூயிஸ்வில் ஏரியில் ஓட்டுவதற்காக 20 அடி 6 அங்குல நீளமுள்ள பழைய படகு ஒன்றை வாங்கினோம். முன்பக்கத்திலும் இருக்கை உள்ள ஸ்டெர்ன் டிரைவ் படகு (இன்ஜின் பின்கோடியில் உள்ளே, ப்ரொப்பெல்லர் வெளியே). 12 வயது மகன் வேக்போர்டு (படகு கயிற்றில் இழுக்க, பலகைமேல் நின்று சறுக்குவது) பழகுகிறான். எடை 95 பவுண்டு. படகின் பின்னால் எழும் அலை போதவில்லை, எகிற முடியவில்லை என்கிறான். உதிரிபாகக் கடைக்காரர் ஒருவர் தண்ணீர் நிரப்பும் எடைப்பைகள் மூன்று (பின்னால் 750 பவுண்டு பை இரண்டு, முன்னால் 650 பவுண்டு பை ஒன்று), பம்ப், பொருத்தும் கூலி எல்லாம் சேர்த்து ஒரே விலை சொல்கிறார். ப்ரொப்பெல்லரையும் மாற்ற வேண்டுமாம். படகில் உள்ள மஞ்சள் தட்டில் ஆட்கள், சாமான் சேர்த்து 10 பேர், 1,500 பவுண்டு என்றிருக்கிறது. "அது ஆட்களுக்கான கணக்கு; தண்ணீருக்குள் தண்ணீருக்கு எடை கிடையாது" என்கிறார். நம்பலாமா?

பதில்: நம்ப வேண்டாம். அந்தத் தொகுப்பையும் வாங்க வேண்டாம். உங்கள் படகுக்கு 400 பவுண்டு பை ஒன்று போதும். அதைக்கூட இந்த வாரமே வாங்க வேண்டிய அவசியம் இல்லை.

மூன்று பைகளும் நிரம்பினால் 2,150 பவுண்டு. லிட்டரில் சொன்னால் 975. நம் ஊரில் மாடியில் வைக்கும் ஆயிரம் லிட்டர் சின்டெக்ஸ் தொட்டியை விளிம்பு வரை நிரப்பிப் படகில் இறக்கி வைத்தது போல. ஒருவர்கூட ஏறாத நிலையிலேயே தட்டில் உள்ள எண்ணை 650 பவுண்டு தாண்டிவிட்டீர்கள். அதன் பிறகுதான் நீங்கள், மனைவி, பிள்ளைகள், நண்பர் குடும்பம், ஐஸ் பெட்டி எல்லாம் ஏற வேண்டும்.

"தண்ணீருக்குள் தண்ணீருக்கு எடை கிடையாது" என்பது பாதி உண்மை. பாதி உண்மையை வைத்துத்தான் இந்த வியாபாரமே நடக்கிறது. பை ஏரிக்குள் மிதந்தால் அதற்கு எடை தெரியாது, சரி. ஆனால் பை ஏரியில் இல்லை, படகுக்குள் இருக்கிறது. படகு மிதக்கும்வரை அந்தத் தண்ணீரின் முழு எடையையும் படகுதான் சுமக்கிறது. சுமக்கவில்லை என்றால் அலை எப்படிப் பெரிதாகும்? எடை கூடினால் படகு ஆழமாக அமிழ்கிறது, அதிக நீரை ஒதுக்கித் தள்ளுகிறது, ஒதுங்கிய நீர் பின்னால் வந்து சேரும்போது அலை உயர்கிறது. எடை இல்லை என்று சொல்லிக்கொண்டே எடையை விற்கிறார் அந்த மனிதர்.

அவர் சொன்னது உண்மையாகும் தருணம் ஒன்று உண்டு: படகுக்குள் நீர் புகுந்து எல்லாம் மூழ்கும்போது. அப்போது தண்ணீர்ப் பை படகைக் கீழே இழுக்காது. ஈயம் இழுக்கும். அடுத்த முறை போனால் 50 பவுண்டு ஈயப் பைகளைக் காட்டி, "இடத்தை அடைக்காது, பம்ப் வேண்டாம்" என்பார். ஈயம் தண்ணீரைப் போல 11 மடங்கு அடர்த்தி. மூழ்கும் படகில் அது நங்கூரம்தான். மணல் மூட்டை, சிமென்ட் மூட்டை யோசனைகளும் வரும். மூட்டை கிழிந்து மணல் அடித்தளத்துக்குப் போனால், உள்ளே சேரும் நீரை வெளியேற்றும் பம்ப் அடைத்துக்கொள்ளும். தண்ணீரைத் தவிர வேறெதையும் ஏற்றாதீர்கள்.

இப்போது தட்டுக்கு வருகிறேன். இதில் எனக்குப் பொறுமை குறைவு, மன்னிக்கவும். 1971ஆம் ஆண்டின் படகுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அமெரிக்கக் கடலோரக் காவல் படை வகுத்த விதிப்படி, கொள்ளளவுத் தட்டு 20 அடிக்குக் குறைவான படகுகளுக்கே கட்டாயம். உங்கள் படகு அந்த எல்லையை அரை அடி தாண்டிவிட்டது. உங்களிடம் உள்ள மஞ்சள் தட்டு, தயாரிப்பாளர் தங்கள் சங்கத்தின் சான்றிதழ்த் திட்டத்தில் சேர்ந்ததால் ஒட்டியது. அரசு ஒட்டச் சொன்னது அல்ல. இதைத் தெரிந்துகொண்டுதான் கடைக்காரர்கள் "20 அடிக்கு மேல் விதி கிடையாது" என்கிறார்கள். டெக்சாஸ் சட்டமோ, பாதுகாப்பான அளவுக்கு மேல் படகில் ஏற்றக் கூடாது என்கிறது. அந்த அளவு எவ்வளவு என்று எழுதி ஒட்டும் கடமையிலிருந்து மட்டும் பெரிய படகுகளுக்கு விலக்கு கொடுத்திருக்கிறார்கள். வேக்போர்டுக்காக எடை ஏற்றும் படகுகளில் பெரும்பாலானவை 20 அடிக்கு மேற்பட்டவை. யாருக்குத் தட்டு மிகவும் தேவையோ அவர்களுக்குக் கட்டாயம் இல்லை. ஏரியில் நிறுத்தும் அதிகாரி உயிர்காப்பு உடையை எண்ணுவார், தீயணைப்பானைப் பார்ப்பார். பையில் எத்தனை லிட்டர் என்று கேட்க மாட்டார்.

ஆகவே கணக்கை நீங்களே போட வேண்டும். ஆட்கள், சாமான், பை மூன்றும் சேர்ந்து 1,500க்குள். உதாரணத்துக்கு நீங்கள் 180, மனைவி 140, நண்பர் 190, அவர் மனைவி 150, மகன் 95, மகள் 70 என்று வைத்துக்கொள்வோம், 825. ஐஸ் பெட்டி, நங்கூரம், பலகைகள், பைகள், உயிர்காப்பு உடைகள் 150. மொத்தம் 975. மீதி 525. அதில் 400 பவுண்டு பை அடங்கும். கொஞ்சம் இடைவெளியும் இருக்கும். மகன் நீரில்தானே இருக்கிறான், அவனைக் கழிக்கலாமே என்று கேட்காதீர்கள். அவன் திரும்ப ஏறுவான். இன்னும் இரண்டு பேர் வந்தால் பையைக் காலி செய்யுங்கள், ஆளும் எடைதான்.

ஒரு விதிவிலக்கை இங்கே சொல்லியே ஆக வேண்டும். உங்கள் படகுக்கு இது பொருந்தாது. ஆனால் நாளைக்கே இதைக் காட்டி உங்களை மடக்குவார்கள். வேக்போர்டுக்கென்றே கட்டிய படகுகளில் தொழிற்சாலையிலேயே எடைத் தொட்டிகள் வைக்கிறார்கள். சில தயாரிப்பாளர்கள் தொட்டிகள் நிரம்பிய நிலையில் கணக்கிட்டு, அதற்குமேல் ஆட்களுக்கும் சாமானுக்கும் எவ்வளவு என்று தட்டில் எழுதுகிறார்கள். வேறு சிலருடைய கையேடு, நிரப்பிய தொட்டியின் எடையைத் தட்டு எண்ணிலிருந்து கழிக்கச் சொல்கிறது. எது என்று தட்டைப் பார்த்துச் சொல்ல முடியாது. அந்த ஆண்டு, அந்த மாடலின் கையேட்டைப் பார்க்க வேண்டும். "பக்கத்துப் படகில் 2,000 பவுண்டு தொட்டி இருக்கிறதே" என்பார் கடைக்காரர். இருக்கும். அதன் அடித்தளமும் பக்கவாட்டு உயரமும் இன்ஜின் இருக்கும் இடமும் அந்தத் தொட்டியை மனத்தில் வைத்து வரைந்தவை. அந்தப் படகிலும், தொழிற்சாலைத் தொட்டிக்கு மேல் உரிமையாளர் தானாக ஒரு பை வைத்தால் அந்தப் பை ஆட்கள் கணக்கில்தான் சேரும். தொட்டிக்குக் கிடைத்த சலுகை பைக்குக் கிடைக்காது. தொட்டியே இல்லாத உங்கள் படகுக்கு எந்தச் சலுகையும் இல்லை.

முன்னால் வைக்கச் சொல்லும் அந்த 650 பவுண்டு பைதான் எனக்கு மிகவும் கவலை தருகிறது. மகன் விழுகிறான். கயிறு தளர்கிறது. ஓட்டுபவர் சட்டென்று வேகத்தைக் குறைத்து, அவனை எடுக்கப் படகைத் திருப்புகிறார். வேகம் விழுந்ததும் முன்பக்கம் இறங்கும். அதே நேரத்தில் நீங்களே எழுப்பிய அலை எதிரே வருகிறது. முன்னிருக்கையில் இரண்டு பேர், அவர்கள் காலடியில் 650 பவுண்டு. விளிம்பு அலைக்குக் கீழே போனால் ஒரு வாளி, இரண்டு வாளி அல்ல, தகடாக நீர் உள்ளே வரும். 2006இல் கலிபோர்னியாவின் ஓரோவில் ஏரியில் இப்படித்தான், திரும்பும்போது முன்பக்கம் நீருக்குள் போய், அங்கே உட்கார்ந்திருந்த இரண்டு பெண்கள் அடித்துச் செல்லப்பட்டார்கள். ஒருவர் தலையில் ப்ரொப்பெல்லர் பட்டது. அது வேக்போர்டுக்கென்றே கட்டிய படகு. 2011இல் நடுவர் குழு 3 கோடி டாலருக்கு மேல் இழப்பீடு விதித்தது. பெரும்பங்கு தயாரிப்பாளர் தலையில், மிச்சம் ஓட்டியவர் தலையில். பை விற்பவர் தலையில் எதுவும் விழுவதில்லை.

எல்லாவற்றையும் பின்னால் வைத்தாலும் ஆகாது. ஸ்டெர்ன் டிரைவில் இன்ஜின் ஏற்கெனவே பின்கோடியில் இருக்கிறது. முன்பக்கம் வானத்தைப் பார்க்கும், எதிரே நீந்துபவர் தெரிய மாட்டார், புகையும் பின்னிருக்கைக்கு வரும். உங்கள் 400 பவுண்டு பையை ஓட்டுநர் இருக்கைக்குச் சற்றுப் பின்னால், நடுவழியின் தரையில், நீளவாக்கில் படுக்க வையுங்கள். இருக்கைமேல் வேண்டாம், அடியில் இருப்பது பெரும்பாலும் மெல்லிய பலகைதான். இன்ஜின் மூடிமேலும் வேண்டாம், காற்றுப் போக்கி அடைபடும். பையை முழுவதும் நிரப்பி, உள்ளே இருக்கும் காற்றை அமுக்கி வெளியேற்றிவிட்டு மூடுங்கள். பாதி நிரம்பிய பை திரும்பும்போது சாயும் பக்கமே ஓடி, படகை இன்னும் சாய்க்கும். 750 பையை வாங்கிப் பாதி நிரப்பிக்கொள்ளலாமே என்ற யோசனை இதனால்தான் உதவாது.

பம்ப் விஷயத்தில் பொருத்தும் கூலி என்று எதற்கு வாங்குகிறார் என்று கேளுங்கள். நீர்மட்டத்துக்குக் கீழே படகின் உடலில் துளை போட்டுக் குழாய் பொருத்துவதற்காக இருந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். மூடும் வால்வு இல்லாமல், சிலிக்கோன் பசை பூசி முடித்த துளைகளைப் பழைய படகுகளில் அடிக்கடி பார்க்கிறேன். படகை விற்றவர் சொல்வதில்லை. வாங்கியவருக்கு அடித்தளம் நனைந்த பிறகுதான் தெரிகிறது. உங்களுக்கு வேண்டியது படகின் பக்கவாட்டில் தொங்கவிடும், கையில் எடுத்துச் செல்லக்கூடிய 12 வோல்ட் மின்பம்ப். மணிக்கு 800 கேலன் தள்ளும் பம்ப், 48 கேலன் கொள்ளும் உங்கள் பையைக் கணக்குப்படி 4 நிமிடத்துக்குள் நிரப்பும். நடைமுறையில் இன்னும் கொஞ்சம் ஆகும். இன்ஜினை அணைத்துவிட்டு, பம்ப் ப்ரொப்பெல்லர் பக்கம் போகாமல் பார்த்துக்கொண்டு நிரப்புங்கள்.

காலி செய்வது ஏரியிலேயே நடக்க வேண்டும். ட்ரெய்லர் இந்த எடைக்குக் கட்டியதல்ல என்பது ஒன்று. படகுகளில் தொற்றிக்கொண்டு ஏரிக்கு ஏரி பரவும் ஸீப்ரா சிப்பி என்பது இன்னொன்று. 2009இல் டெக்சோமா ஏரியில் தென்பட்ட அந்தச் சிப்பி இப்போது லூயிஸ்வில்லிலும் இருக்கிறது. அதன் குஞ்சு கண்ணுக்குத் தெரியாது. 2014 ஜூலை முதல் டெக்சாஸ் முழுவதும், ஏரியை விட்டுக் கிளம்பும் முன் படகில் உள்ள எல்லா நீரையும் வடிக்க வேண்டும் என்பது விதி. சிப்பியைச் சுமந்துகொண்டு போய் மாட்டினால் முதல் முறை 500 டாலர் வரை அபராதம். பம்ப் காற்றை உறிஞ்சத் தொடங்கியதும் பை காலி என்று நினைத்துவிடுவார்கள். மடிப்புகளில் சில லிட்டர் நிற்கும். ஒரு முனையிலிருந்து பாயைப்போல் சுருட்டிக்கொண்டே வந்தால்தான் அது வரும். வீட்டில் மூடியைத் திறந்து, ஒரு வாரமாவது காயவிட்டு, பிறகுதான் வேறு ஏரிக்கு எடுத்துச் செல்லுங்கள்.

இவ்வளவும் பை வாங்கினால். வாங்குவதற்கு முன் செய்ய வேண்டியது வேறு. உங்கள் கயிறு எத்தனை அடி என்று நீங்கள் எழுதவில்லை. கடையில் வாங்கிய முழுக் கயிறாக இருந்தால் அநேகமாக 70 அடிக்கு மேல் இருக்கும். அவ்வளவு தொலைவில் அலை அகன்று, தணிந்துவிடுகிறது. அதை 60 அடியாகச் சுருக்குங்கள். அதே அலை அங்கே குறுகலாகவும் செங்குத்தாகவும் இருக்கும், 95 பவுண்டு பையனுக்கு இது பெரிய வித்தியாசம். வேகத்தை மணிக்கு 18 முதல் 20 மைலுக்குள் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிப் பாருங்கள். அலையின் உச்சி வெள்ளையாக நுரைத்து உடைந்தால் சிறிது கூட்டுங்கள். டிரைவின் ட்ரிம்மை, அதாவது ப்ரொப்பெல்லரின் சாய்வுக் கோணத்தை, சற்று உயர்த்திப் பாருங்கள். முன்னிருக்கையில் இருப்பவர்களைப் பின்னால் வரச் சொல்லுங்கள். இடம் வலம் சமமாக உட்காரட்டும். ஒரு பக்கம் கனத்தால் ஒரு அலை நன்றாகவும் மற்றது குழம்பியும் இருக்கும். இதற்கெல்லாம் ஒரு காசும் ஆகாது. அதனால்தான் கடையில் யாரும் சொல்லவில்லை.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். அலை பெரிதானதும் மகன் வேக்சர்ஃபிங் கேட்பான். படகுக்குப் பக்கத்திலேயே, பத்தடி பின்னால், மெதுவான வேகத்தில், கயிற்றை விட்டுவிட்டு அலைமேல் சறுக்குவது அது. உங்கள் படகில் ப்ரொப்பெல்லர் பின்விளிம்பைத் தாண்டி வெளியே சுழல்கிறது. எத்தனை பவுண்டு ஏற்றினாலும் அந்தப் படகின் பின்னால் அது கூடாது.

கடைசியாக ப்ரொப்பெல்லர். 400 பவுண்டுக்காக மாற்ற வேண்டியதில்லை. பையை நிரப்பி, வழக்கமான ஆட்களோடு, த்ராட்டிலை முழுவதும் தள்ளி இன்ஜின் எத்தனை சுற்று தொடுகிறது என்று பாருங்கள். கையேட்டில் முழு த்ராட்டிலுக்குக் குறித்துள்ள எல்லைக்குள் இருந்தால் விட்டுவிடுங்கள். சுற்று அந்த எல்லைக்குக் கீழே இருந்தால் பிட்ச் (ஒரு சுற்றில் முன்னேறும் தூரம்) குறைந்த ப்ரொப்பெல்லர் வேண்டும். அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு, பை விற்காத ஒரு கடைக்குப் போங்கள்.