துவராடை அணிந்தவர் கொன்றால்

கேள்வி: மியன்மாரில் விராது என்னும் பிக்கு இஸ்லாமியருக்கு எதிராகச் செய்துவந்த வெறுப்புப் பிரசாரம் பற்றி வகுப்பில் பேச்சு வந்தால், "அவர் உண்மையான பௌத்தரே அல்லர்" என்று மாணவர்கள் முடித்துவிடுகிறார்கள். அகிம்சையைப் போதிக்கும் மதத்தவர் வன்முறையில் இறங்கினால் அவரை அம்மதத்தவராகக் கொள்ளலாமா?
– ஓர் ஆசிரியை, தஞ்சாவூர்

பதில்: உங்கள் மாணவர்கள் சொல்வது பாதி சரி. பௌத்தத்தில் இதற்குத் தெளிவான விதியே இருக்கிறது. பிக்குகளுக்கான ஒழுக்க நூலான விநயம் வகுத்த நான்கு பாராஜிகக் குற்றங்களுள், அதாவது துறவு நிலையையே இழக்கச்செய்யும் குற்றங்களுள், மூன்றாவது மனிதக் கொலை. தன் கையால் கொல்வதோடு, ஆள் வைத்துக் கொல்வதும், சாவை மெச்சிப் பேசி ஒருவரைச் சாகத் தூண்டுவதும் அதில் அடங்கும். அதைச் செய்த கணத்திலேயே ஒருவர் பிக்கு என்ற நிலையை இழந்துவிடுகிறார். கூடித் தீர்ப்புச் சொல்லக்கூடத் தேவையில்லை. புத்தரின் போதனைத் தொகுப்புகளுள் ஒன்றான மஜ்ஜிம நிகாயத்தின் ரம்ப உவமை இன்னும் கடுமையானது. கொள்ளையர் இருபுறமும் பிடியுள்ள ரம்பத்தால் உங்கள் அங்கங்களை ஒவ்வொன்றாக அறுத்தாலும், அவர்கள்மீது மனத்தில் பகை கொள்பவன் என் போதனைப்படி நடப்பவன் அல்லன் என்கிறார் புத்தர். கொல்வது இருக்கட்டும், வெறுக்கவே அங்கே இடமில்லை.

ஆனால் அந்த இடத்திலேயே நின்றுவிட எனக்கு மனம் ஒப்பவில்லை. 1959 செப்டம்பர் 25 அன்று, கொழும்பு ரோஸ்மீட் பிளேஸிலுள்ள தம் வீட்டு விறாந்தையில், இலங்கைப் பிரதமர் பண்டாரநாயக்க தம்மைக் காண வந்தவர்களைச் சந்தித்துக்கொண்டிருந்தார். அங்கே காத்திருந்த தல்துவே சோமாராம என்ற பிக்குவைப் பௌத்தர் வழக்கப்படி குனிந்து வணங்கினார். வணங்கப்பட்டவர் சீவரம் என்னும் துறவாடைக்குள்ளிருந்து கைத்துப்பாக்கியை எடுத்துச் சுட்டார். மறுநாள் பிரதமர் இறந்தார். இறப்பதற்கு முன் நாட்டு மக்களுக்கு விடுத்த செய்தியில், தம்மைச் சுட்டவரைப் பிக்குவின் ஆடை அணிந்த ஒரு மூடன் என்று குறிப்பிட்டு, அவரைப் பழிவாங்காமல் இரக்கம் காட்டுமாறு கேட்டுக்கொண்டார். உயிர் போகும் தறுவாயில் ஒருவர் இப்படிப் பேசியதை நினைத்தால் இன்றும் என் மனம் கலங்குகிறது.

எனினும் சோமாராம வேடம் போட்டு வந்தவர் அல்லர். முறையாகத் துறவு பூண்டவர். ஆயுர்வேதக் கண் மருத்துவர். நாடு, இனம், மதம் ஆகியவற்றின் நன்மைக்காகவே இதைச் செய்ய வேண்டும் என்று நம்பவைக்கப்பட்டவர். சூழ்ச்சியின் தலைவர் என்று நீதிமன்றம் கண்ட களனி விகாரையின் தலைமைப் பிக்கு புத்தரக்கித்தவுக்கோ, எதிர்பார்த்த வணிக ஆதாயங்கள் கைகூடாத கோபம் இருந்தது. சூழ்ச்சி பணத்தில் பிறந்திருக்கலாம். இன்னொருவர் கையில் துப்பாக்கியைக் கொடுப்பதற்கு மதத்தின் பெயர் தேவைப்பட்டது.

அந்தப் பெயர் ஏன் பலித்தது என்பதற்கு இலங்கையின் பழைய பாலி வரலாற்றுக் காவியமான மகாவம்சத்தைப் புரட்ட வேண்டும். தமிழ் மன்னன் எல்லாளனை வென்ற சிங்கள மன்னன் துட்டகைமுனு, போரில் மாண்டவர்களை எண்ணி அமைதியிழந்து தவிக்கிறான். அரகதர், அதாவது முழு விடுதலை பெற்ற பிக்குகள், எண்மர் வான்வழியே வந்து அவனைத் தேற்றுகிறார்கள்: நீ கொன்றது ஒன்றரை மனிதரைத்தான், ஒருவர் புத்தர், தம்மம், சங்கம் என்னும் மும்மணிகளைச் சரணடைந்தவர், மற்றவர் கொல்லாமை முதலிய ஐந்து சீலங்களையும் ஏற்றவர், ஏனையோர் விலங்குகளுக்கு ஒப்பானவர்கள். இது புத்தர் வாக்கு அன்று, பௌத்த மூலநூல் தொகுப்பான திரிபிடகத்தில் இல்லை. ஆனால் எழுதியவர்களும் பிக்குகள், தலைமுறை தலைமுறையாகக் காத்தவர்களும் பிக்குகள். ரம்ப உவமையைக் கேட்ட அதே மரபுதான் இந்த ஒன்றரைக் கணக்கையும் போட்டது என்பதை எண்ணும்போது எனக்கு அச்சமாக இருக்கிறது.

ஆகவே, சோமாராம புத்தரின் போதனைப்படி நடந்தவரா என்று கேட்டால், இல்லை. பௌத்தரா என்று கேட்டால், ஆம் என்பேன். "அவர் எங்களவர் அல்லர்" என்பது கண்டனமாக வந்தால் அதை மதிக்கிறேன். அந்தச் சொல்லோடு கைகழுவிவிட்டால், ஒன்றரைக் கணக்கைத் திருத்த யாரும் மிஞ்சமாட்டார்கள். விராது மதச் சொற்பொழிவு ஆற்ற மியன்மார் சங்க உயர்சபை 2017 மார்ச்சில் ஓராண்டுத் தடை விதித்தது. தாமதமான தடை, போதாத தடை. ஆயினும் அவரைத் தம்மவர் என்று ஏற்றதால்தான் அதையாவது விதிக்க முடிந்தது.

கேள்வி: கொலைகாரனான அங்குலிமாலனைப் புத்தர் சங்கத்தில் சேர்த்தாரே, அது எப்படி?
– ஒரு வாசகர், விழுப்புரம்

பதில்: அவன் கொன்றது துறவு பூணுவதற்கு முன்பு, பாராஜிக விதி பிக்குவாக இருந்துகொண்டு கொல்பவருக்கு உரியது. ஆனாலும் சீவர ஆடை அவன் கணக்கைத் தீர்த்துவிடவில்லை. அரகதரான பிறகும் சாவத்தி நகரில் பிச்சைக்குச் சென்றபோது மண்கட்டியும் கோலும் கல்லும் அவர்மேல் வந்து விழுந்தன. மண்டை உடைந்து இரத்தம் வழிய, திருவோடு நொறுங்கி, மேலாடை கிழிந்து வந்து நின்றவரிடம், "பொறுத்துக்கொள்" என்றே புத்தர் சொன்னார்.