டெலிவரன்ஸ்: கேள்விப்பட்டது ஒன்று, பார்த்தது வேறொன்று

கேள்வி: பெயரும் புகழும் மட்டுமே தெரிந்த ஒரு பழைய படத்தைப் பல வருடம் கழித்துப் பார்த்தபோது, கேள்விப்பட்ட மாதிரியே இருந்ததா?

இல்லை. எனக்கு அந்தப் படம் 1972இல் வந்த அமெரிக்கப் படமான ‘டெலிவரன்ஸ்’. ஜான் பூர்மன் இயக்கியது. பார்ப்பதற்கு முன் அதைப் பற்றி எனக்குத் தெரிந்தவை இரண்டுதான். ஒன்று, பாஞ்சோ என்ற கம்பி வாத்தியத்தை வாசிக்கும் சிறுவன். இன்னொன்று, காட்டுக்குள் ஒரு ஆண் பாலியல் வன்முறைக்கு ஆளாகும் காட்சி. அந்த இரண்டாவது விஷயத்துக்குப் பயந்தே வருடக்கணக்கில் தள்ளிப்போட்டேன். போன வாரம் உட்கார்ந்து பார்த்துவிட்டேன். முடிவு வரைக்கும் எழுதப்போகிறேன். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படியுங்கள்.

கதை எளிது. ஜார்ஜியா மாநிலத்தில் ஒரு மலை ஆறு. அணை கட்டி அதை ஏரியாக்கப் போகிறார்கள். மூழ்குவதற்கு முன் ஒருமுறை துடுப்புப் படகில் போய்விடலாம் என்று நகரத்து நண்பர்கள் நான்கு பேர் கிளம்புகிறார்கள்: லூயிஸ், எட், பாபி, ட்ரூ.

முதலில் பாஞ்சோ காட்சி. பலர் அதைக் கேலியாக நடித்துக் காட்டிப் பார்த்திருக்கிறேன், அதனால் கேலியான காட்சி என்றே நினைத்திருந்தேன். படத்தில் அது அவ்வளவு சந்தோஷமாக இருக்கிறது. ட்ரூ கிடாரில் ஒரு வரி வாசிக்க, சிறுவன் பாஞ்சோவில் பதில் சொல்ல, வேகம் கூடிக்கொண்டே போகிறது. (அந்தச் சிறுவனுக்கு உண்மையில் பாஞ்சோ வாசிக்கத் தெரியாது. பின்னால் மறைந்திருந்த வேறொருவரின் கைதான் சட்டைக்குள் நுழைந்து வாசித்தது. இசைத்தட்டாக வந்த அந்த இசை 1973இல் அமெரிக்கப் பாடல் வரிசையில் இரண்டாம் இடம்வரை போனது.) வாசித்து முடித்ததும் ட்ரூ கைகுலுக்கக் கை நீட்டுகிறான். சிறுவன் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். நான் கேள்விப்பட்ட எதிலும் அந்தத் திருப்பம் இல்லை.

அப்புறம் அந்த வன்முறைக் காட்சி. பயந்தது வீண் என்று சொல்ல மாட்டேன். பார்க்கவே முடியாத கொடுமைதான். ஆனால் படத்தின் பாதிக்கு முன்பே அது முடிந்துவிடுகிறது. தாக்கிய இருவரில் ஒருவன் லூயிஸ் விட்ட அம்பில் சாகிறான், கூட இருந்தவன் ஓடிவிடுகிறான். அதற்குப் பிறகு வருவதைத்தான் நான் இந்தப் படத்தின் உயிர் என்பேன். அதைப் பற்றி யாரும் என்னிடம் சொன்னதே இல்லை.

பிணத்தை நடுவில் போட்டுக்கொண்டு நான்கு பேரும் வாதாடுகிறார்கள். போலீசிடம் போய் நடந்ததைச் சொல்லலாம் என்கிறான் ட்ரூ. இங்கேயே புதைத்துவிடுவோம், ஏரி வந்து எல்லாவற்றையும் மூடிவிடும் என்கிறான் லூயிஸ். ஓட்டெடுப்பு நடக்கிறது. ட்ரூ தோற்கிறான். தோற்றவனும் சேர்ந்து கையாலேயே மண்ணைப் பறிக்கிறான். எனக்கு அந்த வன்முறைக் காட்சியைவிட இந்த மண் பறிக்கும் காட்சிதான் அதிகம் உறுத்தியது.

அங்கிருந்து எல்லாம் சரிகிறது. ட்ரூ ஆற்றில் விழுந்து போகிறான். ஓடிப்போனவனால் சுடப்பட்டானா, தானாக விழுந்தானா என்று படம் சொல்வதே இல்லை. லூயிஸின் கால் முறிகிறது. முன்பு ஒரு மானைக் குறிவைத்தபோது கை நடுங்கி அம்பைத் தவறவிட்ட எட், இப்போது இரவில் பாறைமேல் ஏறிப்போய் ஒரு மனிதனைக் கொல்கிறான். கொன்ற பிறகு வாயைத் திறந்து பல்லைப் பார்க்கிறான். ஓடிப்போனவன் இவன்தானா? அவனுக்கும் உறுதியில்லை, நமக்கும் இல்லை. எட் வேடத்தில் நடித்த ஜான் வாய்ட் அந்தப் பாறையில் தானே ஏறியிருக்கிறார். நடிகர்கள், படமெடுத்த சட்டூகா ஆற்றின் வெள்ளத்தில் தாங்களே துடுப்புப் போட்டிருக்கிறார்கள், அதுவும் காப்பீடு இல்லாமல். அந்தக் களைப்பு முகத்தில் தெரிகிறது.

மலைவாசிகளை அரக்கர்களாகக் காட்டும் படம் என்றும் கேள்விப்பட்டிருந்தேன். அந்த இருவரின் கொடூரம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் இவர்களுடைய கார்களை ஆற்றின் கீழ்ப்பக்க ஊருக்கு ஓட்டிக்கொண்டு போய்விட ஒப்புக்கொண்ட உள்ளூர்க்காரர்கள், சொன்னபடி பத்திரமாகக் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறார்கள். உயிர் பிழைத்து வந்தவர்களை அந்த ஊர் மக்கள் சாப்பாட்டு மேஜையில் உட்கார வைத்து, காய்கறியைப் பற்றிச் சாதாரணமாகப் பேசிக்கொண்டே பரிமாறுகிறார்கள். எட் சாப்பிட முடியாமல் உடைந்து அழுகிறான். அந்தச் சின்ன உபசரிப்புக்கு முன்னால் மனசுக்குள் இருக்கும் பொய் அவனைக் குத்துகிறது. நானும் அழுதேன்.

உள்ளூர்க் காவல் அதிகாரியான ஷெரிப், பிழைத்து வந்தவர்கள் சொன்னதை நம்பவில்லை. ஆனாலும் போகவிடுகிறார், இனி இந்தப் பக்கம் வராதீர்கள் என்று சொல்லி. அந்த ஷெரிப்பாக நடித்திருப்பவர், மூல நாவலை எழுதிய ஜேம்ஸ் டிக்கி.

ஏரி எல்லாவற்றையும் மூடிவிடும் என்றான் அல்லவா லூயிஸ்? கடைசியில் அதே ஏரி வருவதற்காக ஊரின் கல்லறைகளைத் தோண்டிச் சவப்பெட்டிகளை எடுக்கிறார்கள். ஒருபக்கம் இவர்கள் புதைத்துவிட்டு வருகிறார்கள், இன்னொரு பக்கம் ஊர் தோண்டி எடுக்கிறது. எட் கனவில் தண்ணீரிலிருந்து ஒரு கை எழும்புகிறது. படத்தில் வரும் ஆறு கற்பனைதான். படமெடுத்த சட்டூகா ஆற்றுக்கு 1974இல் சட்டப் பாதுகாப்பு கிடைத்தது என்று பிறகு படித்தபோது ஏதோ ஆறுதலாக இருந்தது.

மறுநாள் பாஞ்சோ காட்சியை மட்டும் மறுபடி போட்டுப் பார்த்தேன். முதல் தடவை சிறுவனையே பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தத் தடவை, சிரித்துக்கொண்டே கிடார் வாசிக்கும் ட்ரூவை மட்டும்தான் பார்த்தேன்.