குழந்தை தூங்கும்போதும் தூக்கம் வரவில்லை

கேள்வி: மூத்தவனுக்கு ஏழு மாதம் இருக்கும்போதே மறுபடி உண்டாகிவிட்டேன். பால் கொடுக்கும்வரை தங்காது என்று வீட்டில் சொன்னதை நம்பியிருந்தேன். ‘இது வேண்டாமே’ என்று பல நாள் அழுதேன். இப்போது பெண் பிறந்து இரண்டு மாதம். அவள் தூங்கினாலும் எனக்குத் தூக்கம் இல்லை. தூக்கிக் கொஞ்ச மனம் வரவில்லை. வேண்டாம் என்று நினைத்த பாவமா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: பாவமே இல்லை, சகோதரி. நீங்கள் அழுததால் குழந்தைக்கு ஒரு கேடும் வராது. ஆனால் எதிர்பாராமல் தங்கிய கர்ப்பம் தாய்க்கு மனச்சோர்வு வரும் வாய்ப்பைக் கூட்டும். அதனால் மருத்துவரிடம் இதை மறைக்காதீர்கள்.

பிரசவமான மூன்றாம், நான்காம் நாளில் தாய்க்கு வருகிற அழுகை இரண்டு வாரத்துக்குள் தானாக அடங்கிவிடும். உங்களுக்கு அந்தக் கெடு தாண்டிவிட்டது. குழந்தை எழுப்பித் தூக்கம் கெடுவது எல்லாத் தாய்க்கும் உண்டு; அது தூங்கியும் உங்களுக்குத் தூக்கம் வராததுதான் மனச்சோர்வின் முக்கியமான அறிகுறி.

பிரசவத்துக்குப் பின் மனச்சோர்வு இருக்கிறதா என்று பார்க்கும் எடின்பரோ வினாப்பட்டியலை மருத்துவர் கொடுக்கலாம். கடந்த 7 நாள் மனநிலை பற்றி 10 கேள்விகள், மொத்தம் 30 மதிப்பெண். 13-ம் அதற்கு மேலும் என்றால் மனச்சோர்வாக இருக்க வாய்ப்பு அதிகம். தன்னை வருத்திக்கொள்ளும் எண்ணம் பற்றியது பத்தாவது கேள்வி. அதற்கு ‘ஆம்’ என்றால் மொத்த மதிப்பெண் எவ்வளவு குறைந்திருந்தாலும் அன்றைக்கே மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். தனியாக இருக்கக் கூடாது. அரசின் மனநல உதவி எண்ணான 14416 டெலிமானஸில் இரவிலும் இலவசமாகப் பேசலாம்.

ஹீமோகுளோபினும் தைராய்டும் பார்க்கச் சொல்லுங்கள். அடுத்தடுத்த பிரசவத்தில் ரத்தசோகை சகஜம். பிரசவத்துக்குப் பின் தைராய்டு கோளாறும் இதேபோல் அசதியைத் தரும். மனச்சோர்வுக்கு மாத்திரை தேவைப்பட்டால் பாலை நிறுத்த வேண்டியதில்லை. அதற்குக் கொடுக்கும் செர்ட்ரலின் மாத்திரை பாலில் மிகக் குறைவாகவே கலக்கிறது. பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். பலர் முதல் வாரத்திலேயே ‘கேட்கவில்லை’ என்று விட்டுவிடுகிறார்கள். தேறியதும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

இரவு 9 முதல் 2 மணிவரை குழந்தையைக் கணவர் பார்க்கட்டும். பீய்ச்சி வைத்த பால் வெளியில் 4 மணி நேரம் கெடாது. இதை உதவி என்று நினைக்க வேண்டாம், சிகிச்சையின் பகுதி.

பால் கொடுக்கும்வரை கர்ப்பம் தங்காது என்று வீட்டில் சொன்னது அரை உண்மை. குழந்தைக்கு 6 மாதம் ஆகாமல், மாதவிலக்கு திரும்பாமல், இரவு பகல் தாய்ப்பால் மட்டுமே கொடுத்தால்தான் அந்தப் பாதுகாப்பு. கஞ்சி தொடங்கியதும் அது போய்விடும். முதல் மாதவிலக்குக்கு முன்பே கருமுட்டை வெளிவரலாம் என்பதால் முன்னறிவிப்பும் கிடைக்காது. கருத்தடைக்கான காப்பர் டி பாலைக் குறைக்காது. 10-ம் வாரத் தடுப்பூசிக்குப் போகும்போதே கேட்டுப் போட்டுக்கொள்ளலாம்.