இரண்டு நுரையீரலுக்கும் நடுவில் இதயம் மட்டும்தான் இருக்கிறதா?

இல்லை. மீடியாஸ்டினம் எனப்படும் அந்த நடுப்பகுதியில் இதயத்தோடு பெருந்தமனி, மூச்சுக்குழல், உணவுக்குழல், தைமஸ் என்ற நோய் எதிர்ப்புச் சுரப்பி, நிணநீர்க் கணுக்கள், நரம்புகள் எல்லாம் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன.

கழுத்துக் குழியிலிருந்து மார்பெலும்பின் மேல் விரலைக் கீழே நகர்த்துங்கள். சுமார் 5 செ.மீ. தாண்டியதும் ஒரு மேடு தட்டுப்படும். மேல், கீழ் மீடியாஸ்டினத்துக்கு அந்த மட்டம்தான் எல்லை. மூச்சுக்குழல் இரண்டாகப் பிரிவதும் ஏறக்குறைய அங்கேதான்.

எனக்கு இதில் மிக முக்கியமாகப் படுவது, குரல்நாணை அசைக்கும் இடப்பக்க நரம்பு. அது மூளையிலிருந்து இறங்கி வரும் வேகஸ் நரம்பிலிருந்து மார்புக்குள் பிரிந்து, பெருந்தமனி வளைவின் அடியில் சுற்றிக்கொண்டு மறுபடி கழுத்துக்கு ஏறுகிறது. அந்த இடத்தில் கணுக்கள் வீங்கியோ கட்டி வளர்ந்தோ அழுத்தினால் குரல் கம்மிவிடும். அதனால் சளி, இருமல் எதுவும் இல்லாமல் 3 வாரத்துக்கு மேல் குரல் கம்மியே இருந்தால் டாக்டரிடம் கட்டாயம் காட்டுங்கள். தொண்டையோடு மார்பையும் பார்க்க வேண்டியிருக்கலாம்.