ஏழை வீட்டுக் கூரை: சபைக் குழுக்களின் கேள்விகளும் பதில்களும்

தூத்துக்குடியில் கட்டட வேலை மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். எங்கள் சேகரத்து (ஓர் ஆயரின் பொறுப்பில் உள்ள சபை வட்டாரம்) வாலிபர்களும் சில கொத்தனார்களும் சேர்ந்து, அக்கம்பக்கத்தில் வசதி இல்லாதவர்களின் கூரை, கழிப்பறை, கதவு ஆகியவற்றைப் பழுது பார்த்துக் கொடுக்கிறோம். இதே வேலையைத் தொடங்க நினைக்கிறவர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். மின்சார வேலை என் துறை அல்ல. அதற்கு உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனைத்தான் கூப்பிட வேண்டும்.

நாசரேத், வாலிபர் சங்கச் செயலர்: கிறிஸ்துமஸுக்குள் ஐந்து வீடுகளைச் சரி பண்ண ஆசை. எங்கிருந்து தொடங்குவது அண்ணா?

டிசம்பரை விட்டுவிடுங்கள் தம்பி. கூரை வேலைக்கு நம் பக்கத்தில் மே முதல் செப்டம்பர் வரைதான் காலம். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை வந்துவிடும். கூரையைப் பிரித்துப் போட்ட அன்று மழை பிடித்தால், அந்தக் குடும்பத்துக்கு ஒழுகுகிற கூரைகூட இல்லாமல் போகும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டியது உங்களுக்குத் தெரியும். பெயின்ட் மட்டும் அடிக்கலாமே என்பீர்கள். ஈரச் சுவரில் கிறிஸ்துமஸுக்கு அடித்த பெயின்ட் பொங்கலுக்குள் உரிந்துவிடும்.

ஐந்து வேண்டாம், ஒரு வீட்டை எடுங்கள். கத்தோலிக்கப் பங்குகளில் வின்சென்ட் தே பவுல் சபையினர் இருவர் இருவராக வீடு சந்திக்கப் போவார்கள். 1833-ல் பாரிஸில் ஒசானாம் என்ற மாணவரும் நண்பர்களும் தொடங்கிய சபை அது. அந்த வழக்கத்தை நாமும் எடுத்துக்கொள்ளலாம். பத்துப் பேர் போனை நீட்டிக்கொண்டு போய் வாசலில் நிற்காதீர்கள். இரண்டு பேர் போய், உட்கார்ந்து, “முதல்ல எதைச் சரி பண்ணணும்மா?” என்று கேளுங்கள். நாம் சுவர் விரிசலையே பார்த்துக்கொண்டிருப்போம். அந்த அம்மாவுக்கு, ராத்திரி கழிப்பறைக்குப் போகிற வழியில் படி உடைந்து கிடப்பதுதான் பெரிய பயமாக இருக்கும். அவர் சொல்வதுதான் வேலைப் பட்டியலில் முதல் வரி.

உவரி, அன்பியப் (கத்தோலிக்கப் பங்கின் சிறு குடும்பக் குழு) பொறுப்பாளர்: பழைய தொகுப்பு வீடு. மேல்தளத்தின் அடிப்பக்கம் பெயர்ந்து கம்பி தெரிகிறது. சிமெண்ட் பூசினால் போதுமா?

போதாது. தயவுசெய்து பூசவும் வேண்டாம். கடற்கரை ஊர்களில் இதுதான் அதிகம் வருகிற பழுது. உப்புக்காற்றும், மேலே தேங்கும் தண்ணீரும், கம்பியை மூடியிருக்கும் கான்கிரீட் மெல்லிசாக இருப்பதும் சேர்ந்து கம்பியைத் துருப்பிடிக்க வைக்கின்றன. துருப்பிடித்த கம்பி பருக்கும். பருக்கும்போது கான்கிரீட்டைக் கீழே தள்ளும். அதன் மேல் பூசிய சிமெண்ட் துருவைத்தான் பிடித்துக்கொண்டு நிற்கும். ஓரிரு மழைக்காலத்தில் கட்டி கட்டியாகப் பெயர்ந்து, கீழே தூங்குகிறவர் மேல் விழும்.

முதலில் குடும்பத்தை அந்த அறையிலிருந்து வேறு இடத்துக்கு மாற்றுங்கள். சவுக்குக் கம்பு கொடுத்துத் தளத்துக்கு முட்டு வையுங்கள். பிறகு சின்னச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள்; பொள்ளலாகச் சத்தம் வருகிற இடமெல்லாம் விட்டுப்போன கான்கிரீட். அதை உடைத்து எடுத்து, கம்பியின் பின்பக்கம் விரல் போகிற அளவுக்குத் திறந்து, ஒயர் பிரஷால் துரு போகத் தேய்க்க வேண்டும். கம்பி நன்றாக மெலிந்திருந்தால் பக்கத்தில் புதுக் கம்பி சேர்க்க வேண்டும். அதன் பிறகுதான் துருத் தடுப்புப் பூச்சு, பழைய கான்கிரீட்டோடு புதியதைப் பிடிக்க வைக்கும் ஒட்டுப் பூச்சு, பாலிமர் கலந்த கலவை. இவ்வளவும் செய்துவிட்டு மேலே தண்ணீர் தேங்குவதை நிறுத்தாவிட்டால் செய்த வேலை வீண்.

ஒரு மூலையில் மட்டும் என்றால், அனுபவமுள்ள கொத்தனாரை வைத்து நீங்கள் செய்யலாம். பாதித் தளம் பொள்ளலாக இருந்தால் அது தன்னார்வலர் வேலை அல்ல; பொறியாளர் பார்க்க வேண்டும். தொகுப்பு வீடு என்பதால் ஊராட்சி அலுவலகத்திலும் கேளுங்கள். அரசுத் திட்டங்களில் 2001-க்கு முன் கட்டிய ஊரக வீடுகளைப் பழுது பார்க்கத் தமிழக அரசு தனித் திட்டம் அறிவித்தது. குடிசையில் இருப்பவர்களுக்குக் கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய் என்று 2024-ல் அறிவித்தார்கள். மனு எழுதிக் கொடுத்து, அந்தக் குடும்பத்தாரோடு அலுவலகத்துக்கு நடப்பதும் ஊழியம்தான்.

தாம்பரம்: மொட்டை மாடி ஒழுகுகிறது. எந்தக் கம்பெனி வாட்டர்ப்ரூஃப் வாங்கலாம்?

டப்பா வாங்குமுன் மாடிக்கு ஏறிப் பாருங்கள். மழைநீர்க் குழாய் வாயில் இலை அடைத்திருக்கிறதா? வாட்டம் (தளத்தின் சரிவு) குழாய்ப் பக்கம் இருக்கிறதா? கைப்பிடிச் சுவரும் தளமும் சேருகிற மூலையில் விரிசலா? பெரும்பாலான ஒழுகல் இந்த மூன்றில் ஒன்றில்தான். வாட்டத்தைச் சரி செய்யாமல் எந்தக் கம்பெனிச் சரக்கை அடித்தாலும் நிற்காது. சோதிக்கிறேன் என்று தண்ணீர் தேக்கி வைக்காதீர்கள். தளம் பழசாக இருந்தால் அந்த எடையே ஆபத்து.

மார்த்தாண்டம்: ஓட்டு வீடு. ஓட்டைப் பிரித்துவிட்டு ஆஸ்பெஸ்டாஸ் சீட் போட்டால் செலவு குறையுமே?

ஓட்டைக் காப்பாற்றுங்கள். மங்களூரில் 1860-களில் பாசல் மிஷன் என்ற மிஷனெரி அமைப்பு தொடங்கிய ஓட்டுத் தொழிற்சாலையிலிருந்து பரவிய வகை அது. உடைந்ததை மட்டும் மாற்றலாம், வெயிலும் சீட்டைப் போல உள்ளே இறங்காது. கைமரமும் (கூரையின் சாய்மரம்) பட்டியலும் (ஓடு உட்காரும் குறுக்குச் சட்டம்) கரையான் அரித்திருந்தால் மரத்தை மாற்றுங்கள். பழைய ஓடு மலிவாகக் கிடைக்கும்.

ஆஸ்பெஸ்டாஸை 60-க்கும் மேற்பட்ட நாடுகள் தடை செய்திருக்கின்றன. இங்கே இன்னும் விற்கிறது. அதன் தூசி நுரையீரலில் தங்கி, பல பத்தாண்டுகள் கழித்துப் புற்றுநோயாக வரலாம். ஏற்கெனவே போட்ட சீட் முழுசாக இருந்தால் தொடாதீர்கள். கழற்றியே ஆக வேண்டுமென்றால் நனைத்துவிட்டு, உடைக்காமல், தகுந்த முகக்கவசத்தோடு முழுசாக இறக்குங்கள். கைக்குட்டை கட்டுவது கவசம் ஆகாது. சீட்டின் மேல் யாரும் கால் வைக்காதீர்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கும், ஆள் எடைக்கு மளுக்கென்று விட்டுவிடும். சீட்டைத் தாங்கும் ஒரு மரச் சட்டத்திலிருந்து அடுத்த மரச் சட்டத்துக்குப் பலகை போடுங்கள், இல்லாவிட்டால் கீழே சாரம் கட்டி அடியிலிருந்து வேலை செய்யுங்கள்.

டொரொண்டோ: நாங்கள் சில குடும்பங்கள் பணம் அனுப்ப விரும்புகிறோம். சபைக் கணக்குக்கு நேராகப் போடலாமா?

நீங்கள் இன்னும் இந்தியக் குடிமகனா என்பதைப் பொறுத்தது. இந்தியக் குடிமகன் தன் சொந்தச் சேமிப்பை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. கனடாக் குடியுரிமை வாங்கியிருந்தால், ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தருவது) இருந்தாலும், அது வெளிநாட்டு நன்கொடைதான். அதை வாங்கும் சபைக்கு எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு வேண்டும். டெல்லி ஸ்டேட் பாங்க் முதன்மைக் கிளையில் உள்ள தனிக் கணக்கில்தான் வாங்க முடியும். பதிவு உள்ள அமைப்பு வாங்கி வேறு அமைப்புக்குக் கைமாற்றுவதையும் அந்தச் சட்டத்தின் 2020 திருத்தம் தடுத்துவிட்டது. சபை ஆடிட்டரைக் கேட்காமல் ஒரு ரூபாயும் அனுப்பாதீர்கள்.

பாளையங்கோட்டை: கூரைக்குப் பணம் கொடுத்தவர், “என் பெற்றோர் நினைவாக” என்று வாசலில் கல் பதிக்கச் சொல்கிறார். செய்யலாமா?

கூடாது.

சாத்தான்குளம்: ஆலயத்தில் பெஞ்சு, ஃபேன், மேடை எல்லாவற்றிலும் பேர் இருக்கிறதே ஐயா. வீட்டில் மட்டும் என்ன தப்பு?

பெஞ்சு சபைக்குப் பொது. வீடு அந்தக் குடும்பத்துக்குச் சொந்தம். நாளைக்கு அவர்கள் மகளைப் பெண் பார்க்க வருகிறவர்கள், வாசலிலேயே அந்தக் கல்லை வாசித்துவிட்டுத்தான் உள்ளே வருவார்கள். அந்தப் பிள்ளை தலை நிமிர்ந்து காபி கொடுக்க முடியுமா?

திசையன்விளை: பேர் போடாவிட்டால் கொடுக்கிறவர்கள் குறைவார்கள். கல் இருந்தாலும் ஒழுகாத வீடு நல்லதுதானே?

நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பணம் இல்லாமல் மரம் வாங்க முடியாது. ஆனால் கொடுத்தவரை மதிக்க வேறு வழிகள் உண்டு. மரக்கடை ரசீதை அவருக்கு அனுப்புங்கள். அவருடைய பெற்றோருக்காக ஆராதனையில் நன்றி செலுத்துங்கள். சபை ஆண்டறிக்கையில் பெயர் போடுங்கள். மத்தேயு 6-ஆம் அதிகாரம் அந்தரங்கமாகக் கொடுக்கச் சொல்கிறது என்பதை ஆயர் அவரிடம் அன்பாகப் பேசட்டும். அப்படியும் கல்தான் வேண்டும் என்றால் ஆலயச் சுற்றுச்சுவருக்குக் கேளுங்கள்.

அதே திசையன்விளை: வீட்டுக்காரரே சரி என்றால்?

கூரையைப் பிரித்துப் போட்டுவிட்டுச் சம்மதம் கேட்டால் யார் வேண்டாம் என்பார்கள்? மறுக்க முடியாத இடத்தில் இருக்கிறவரிடம் வாங்குவது சம்மதமே அல்ல. இதில் நான் இறங்கி வர மாட்டேன்.

கோவில்பட்டி: இந்துக் குடும்பத்துக்கு வேலை முடித்ததும் வாசலில் ஜெபக்கூட்டம் வைக்கலாமா?

அவர்களாகக் கேட்டால் செய்யுங்கள், கேட்காவிட்டால் ஜெபத்தை உங்கள் ஆலயத்தில் வையுங்கள். காரணம் மேலே சொன்னதுதான்: உதவி வாங்கியவர்களால் மறுக்க முடியாது.

ஆவடி: மாடி ஒழுகலுக்கு எந்த பிராண்ட்?

தாம்பரத்துக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள்.

மதுரை: வாடகை வீட்டுக்காரருக்குச் செய்யலாமா?

செய்யலாம். வீட்டு ஓனரிடம் முதலில் கையெழுத்து வாங்குங்கள்: பழுது பார்க்கச் சம்மதம், இத்தனை வருடம் வாடகை ஏற்றமாட்டேன், காலி செய்யச் சொல்லமாட்டேன் என்று. நம் செலவில் வீடு நன்றாகி, குடியிருந்தவர் வெளியே போவது நடக்கிற விஷயம்.

ராமநாதபுரம்: செப்டிக் டேங்க் அடைத்துவிட்டது. வாலிபர்களே இறங்கிச் சுத்தம் பண்ணத் தயார்.

யாரும் இறங்கக் கூடாது. உள்ளே உள்ள வாயு ஒரு மூச்சில் ஆளை வீழ்த்தும். காப்பாற்றக் குதித்தவரும் சேர்ந்து சாவார். கூலிக்கு ஆள் பிடித்து இறக்குவதும், மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதைத் தடுக்கும் 2013 சட்டப்படி குற்றம். கழிவுநீர் லாரியைக் கூப்பிடுங்கள்.

அம்பத்தூர்: மாடியில் ஒழுகலுக்கு...

மேலே பாருங்கள்.

திருச்செந்தூர் பக்கம், ஒரு பாஸ்டர்: எங்கள் வாலிபர்களுக்கு எந்த வேலையும் தெரியாது. அவர்கள் வந்து என்ன பயன்?

பயன் நிறைய உண்டு பாஸ்டர். ஆனால் கொத்தனாருக்கும் தச்சருக்கும் முழுக் கூலி கொடுத்துக் கூப்பிடுங்கள். இலவசமாகக் கேட்காதீர்கள், அவரும் அதே தெருவில் வாடகை கொடுக்க முடியாமல் இருப்பவராக இருக்கலாம். வாலிபர்கள் மண் சுமக்கட்டும், கலவை எடுத்துக் கொடுக்கட்டும், சுவர் சுரண்டட்டும், சாமான்களைப் பத்திரமாக வெளியே எடுத்து வைக்கட்டும், பூசிய இடத்துக்கு ஒரு வாரம் காலையும் மாலையும் தண்ணீர் விடட்டும். ஆறு மாதத்தில் ஒருவனாவது கொத்துக்கரண்டி பிடிக்கக் கற்றுக்கொள்வான். ஏணி பிடிக்க எப்போதும் ஒரு ஆள், காலில் செருப்புக்குப் பதில் ஷூ. சீட் கூரையாக இருந்தால் பலகை வந்து சேரும்வரை ஒருவரையும் மேலே ஏற்றாதீர்கள்.