கண்ணாடி பழுதில்லை, பனித்திருக்கிறது

தம்பி, மட்டக்களப்பு கல்லடி வீட்டில் ஏசி அறையில் வைத்திருந்த 130 மி.மீ. தொலைநோக்கியை முற்றத்துக்குக் கொண்டுவந்தால் வியாழன் புகைபோல் தெரிகிறது, கண்ணாடி பழுதோ என்று கேட்டிருக்கிறீர்கள். பழுதில்லை. வாவிப் பக்கத்து ஈரக்காற்று குளிர்ந்த கண்ணாடியில் பட்டதும் பனிக்கிறது. தயவுசெய்து துணியால் துடைக்காதீர்கள், பூச்சில் கீறல் விழும். ஏசி இல்லாத அறையில் வையுங்கள். பார்ப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே மூடியோடு வெளியே எடுத்து வைத்தால் போதும். அப்புறம் 25 மி.மீ. கண்வில்லையில் தொடங்குங்கள், வியாழனின் பெரிய நிலாக்கள் அதிலேயே தெரியும்.

துருவ நட்சத்திரம் அகப்படவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். மட்டக்களப்பில் அது அடிவானத்துக்கு மேல் ஏறக்குறைய எட்டுப் பாகையில்தான் நிற்கும், தென்னைகளே மறைத்துவிடும். தொலைநோக்கியின் தாங்கியை வடக்கே திருப்பத் திசைகாட்டியில் வடக்கைப் பிடியுங்கள், கண்ணால் பார்க்க அது தாராளம்.

மாரியில் முழு இரவும் தெளியுமென்று காத்திருக்காதீர்கள். மழை விட்டு பத்து நிமிடம் கிடைத்தாலும் பாருங்கள், பொலித்தீன் உறை பக்கத்தில் இருக்கட்டும். வைகாசி இரவு ஒன்பது, பத்து மணிக்குத் தெற்கே 35 பாகை உயரத்தில் ஒமேகா சென்டாரி என்ற கோள வடிவ விண்மீன் கொத்து நிற்கும். லண்டனில் இருப்பவர்களுக்கு அது அடிவானத்துக்கு மேலே வருவதே இல்லை. அதை விட்டுவிடாதீர்கள்.